கோட்டுக்குள்தான் இருக்கிறாள்

நான்கு மணி பத்து நிமிடம் என்று பள்ளியிலிருந்து வந்த சீட்டில் எழுதியிருந்தது. அடுத்தவர்களுக்கு நான்கு இருபது. இடையில் இருந்த பத்து நிமிடம் அவர்களுடையது.

நாற்காலிகள் ஐந்து வயதுக்காரர்களுக்குச் செய்தவை. கணவன் உட்கார்ந்ததும் முழங்கால்கள் நெஞ்சு வரை வந்தன. பஸ் ஓட்டுகிறவன் அவன். எழுபது பேரை ஏற்றிக்கொண்டு குறுகலான திருப்பங்களில் வளைத்து எடுக்கிறவன், தன் இரண்டு கால்களை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் திண்டாடினான்.

"இதுல உட்கார்ந்தா ரிவர்ஸ் எடுக்க முடியாது போலிருக்கே டீச்சர்" என்றான்.

டீச்சர் சிரித்தார். சின்ன வயது. இந்த வகுப்புக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. முன்பு இருந்த டீச்சர் வேலையை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். மேஜை மேல் வளர்ச்சித் தாள் இருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வீட்டுக்கு வந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு பள்ளிக்கே திரும்பிப் போகிற மஞ்சள் தாள்.

"இது ஏழாவது. இங்க இதுதான் கடைசி. இனிமே பெரிய கட்டடத்துக்குப் போயிடுவாங்க. உங்களுக்குக் கவலையே வேண்டாம். எல்லாத்துலயும் எட்டிட்டா."

தாளில் நான்கு கட்டங்கள். தொடங்கவில்லை, எட்டி வருகிறார், எட்டிவிட்டார், தாண்டிவிட்டார். இடப்பக்கம் பேச்சு, எழுத்து, எண், பழகும் விதம் என்று ஒரு வரிசை. மூன்றாவது கட்டத்தில் டிக்குகள் மேலிருந்து கீழே நூல் பிடித்த மாதிரி நேராக இறங்கின. ஒன்று மட்டும் விலகி வலப்பக்கம் நின்றது. வகுப்பில் அமைதி காக்கிறார்: தாண்டிவிட்டார்.

கணவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் அந்த வரியை இரண்டு முறை படித்தாள்.

"யாரு, எங்க வக்கீலா?" என்றான் கணவன். "வேற பிள்ளையோட தாளை எடுத்துட்டு வந்துட்டீங்களா டீச்சர்?"

"வக்கீலா?"

"வீட்டுல அவளுக்கு அதான் பேரு. ஒரு கேள்வி கேட்டா ஒன்பது கேள்வி திரும்பி வரும். மூணரை வயசுல என் லைசென்ஸை வாங்கிப் பாத்துட்டு, இந்தப் போட்டோல இருக்கறது நீங்கதான்னு நான் எப்படி நம்பறதுன்னு கேட்டா."

டீச்சர் கதவுக்கு வெளியே பார்த்தார். மகள் வராந்தாவில் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, பையின் வாரை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"அப்படியா? என்கிட்ட வாயே திறக்க மாட்டாளே. உட்காருன்னா உட்காருவா. எழுந்திருன்னா எழுந்திருப்பா. முப்பது பேருல இப்படி நாலு பேர் இருந்தா எனக்குத் தொண்டை வலியே வராது. தங்கமான பிள்ளை."

"எல்லாத்தையும் சேத்து வச்சு வீட்டுல கொட்டுறா போல" என்றான் கணவன்.

அவளுக்கு ஏதோ இடித்தது. சட்டையில் ஒரு பட்டனை மாற்றிப் போட்ட மாதிரி. எந்தப் பட்டன் என்று உடனே தெரியவில்லை.

"முதல் தாள்ல பேச்சுக்குத் தாண்டிவிட்டார்னு போட்டிருந்ததே டீச்சர்?"

"அது நாலு வயசுக்கான எதிர்பார்ப்பு. இப்ப அஞ்சரை ஆகுது. பிள்ளை வளர வளர கோடும் மேல போகும் இல்லையா? எட்டினா போதும். தாண்டணும்னு ஒரு அவசியமும் இல்ல." டீச்சர் மேஜையறையிலிருந்து ஓர் உறையையும் ஒரு சின்னப் புத்தகத்தையும் எடுத்தார். "இதுல ஏழு தாளும் இருக்கு. இனி உங்ககிட்டயே இருக்கட்டும். இந்தப் புத்தகத்துல எந்த வயசுல என்ன எதிர்பார்க்கறோம்னு இருக்கு. படிச்சுப் பாத்தா உங்களுக்கே நிம்மதியா இருக்கும்."

வாசலில் நான்கு இருபதுக்காரர்கள் வந்து நின்றார்கள்.

திரும்பி வரும் வழியில் கணவன் பேசிக்கொண்டே வந்தான். எதிரே வந்த பஸ்ஸின் டிரைவருக்குக் கை காட்டினான். அந்த டிரைவர் பிரேக் போடும் விதத்தைப் பழித்துக் காட்டினான். நடைபாதையில் படுத்திருந்த நாயை இன்ஸ்பெக்டர் என்றான். மகள் நடுவில் நடந்தாள். எல்லாவற்றுக்கும் சிரித்தாள். சரியான இடங்களில் சிரித்தாள்.

இப்படி மூவரும் சேர்ந்து நடப்பது வாரத்தில் ஒரு நாள்தான். இன்று அவன் தன்னோடு வேலை செய்கிறவனிடம் முறை மாற்றிக்கொண்டு வந்திருந்தான். அவளுக்கு வேலை காலை ஆறிலிருந்து இரண்டு வரை. அவனுக்கு மதியத்துக்கு மேல். காலையில் மகளை எழுப்பிக் கிளப்பிப் பள்ளியில் விடுவது அவன். மூன்று மணிக்கு அழைத்து வந்து, சாப்பிட வைத்துத் தூங்க வைப்பது அவள். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறுகிற சாவி மாதிரி வீட்டில் நாள் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏங்க, காலைல உங்ககிட்ட என்ன பேசுவா?"

"காலைல என்ன பேச்சு? பாதித் தூக்கத்துல வருவா. நான்தான் வளவளன்னு பேசிக்கிட்டே இருப்பேன். அவ கச்சேரி எல்லாம் சாயங்காலம் உன்கிட்டதானே?"

மகள் களைத்துப்போய் வருகிறாள், பேச வேண்டியதைக் காலையிலேயே அப்பாவிடம் பேசித் தீர்த்திருப்பாள் என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

*

சலவைத் தூள் தொழிற்சாலையில் அவளுக்குப் பெயர் எடைக்காரி. அரைமணிக்கு ஒரு முறை, பாக்கெட்டுகள் நகர்ந்து வரும் பட்டையிலிருந்து ஐந்தை எடுத்துத் தராசில் வைக்க வேண்டும். சராசரியைக் கணக்கிட்டு, சுவரில் தொங்குகிற அட்டையில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். அட்டையில் மேலே ஒரு சிவப்புக் கோடு, கீழே ஒரு சிவப்புக் கோடு. புள்ளி கோட்டைத் தாண்டினால் மிஷினை நிறுத்த வேண்டும். இது வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே யாருக்கும் தெரியும்.

இன்னொரு விதி உண்டு. அது பலருக்கு மறந்துபோகும். ஏழு புள்ளிகள் வரிசையாக இறங்கினால், அத்தனையும் கோட்டுக்குள்ளேயே இருந்தாலும், நிறுத்த வேண்டும்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு மூன்றாம் மிஷினில் ஏழாவது புள்ளி இறங்கியது. அவள் பொத்தானை அழுத்தினாள். பட்டை முனகிக்கொண்டு நின்றது.

மிஷின்காரர் எண்ணெய்த் துணியோடு வந்தார். "என்னம்மா எடைக்காரி, உள்ளதானே இருக்கு? கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாரு."

"உள்ளதான் இருக்கு. இறங்குதுண்ணே."

"இறங்கட்டும். கோட்டைத் தொட்டா சொல்லு."

"தொட்டப்புறம் சொல்றதுக்கு நான் எதுக்குண்ணே? அதை அந்த அட்டையே சொல்லுமே."

முணுமுணுத்துக்கொண்டே அவர் மூடியைக் கழற்றினார். தூள் விழுகிற குழாயின் உட்புறம் ஈரம் பட்டு, தூள் கல்லாக உறைந்திருந்தது. நடுவில் ஒரு விரல் நுழைகிற அளவுக்குத்தான் வழி இருந்தது. அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு விசில் அடித்தார்.

"வெளியில இருந்து பாத்தா ஒண்ணுமே தெரியல பாரேன்."

இடைவேளையில் அவள் சாப்பாட்டு அறையின் ஜன்னலோர மேஜையில் புத்தகத்தை விரித்தாள். எதிரே லேபிள் ஒட்டும் அக்கா வந்து உட்கார்ந்தாள். மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்து வெளியே அனுப்பியவள்.

"பரீட்சை உனக்கா, பிள்ளைக்கா?"

"என்ன எதிர்பார்க்கறாங்கன்னு போட்டிருக்காங்கக்கா."

"எங்க வீட்டுக்கு வந்த தாள்ல எல்லாம் சிவப்பு மைதான். பெரியவனோட தாளைப் பாத்தா யாரோ குத்திப்போட்டுப் போன மாதிரி இருக்கும். உன் பிள்ளைக்கு எல்லாம் டிக்கு. அதுக்கும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்க. நல்லா இருக்குடி நியாயம்."

அவள் பக்கங்களைப் புரட்டினாள். ஒவ்வொரு வயதுக்கும் ஒரு பக்கம். ஒவ்வொரு வரிக்குக் கீழும் ஓர் எடுத்துக்காட்டு. நான்கு வயதில் பத்து வரை எண்ணுகிறார். ஐந்து வயதில் இருபது வரை. நான்கு வயதில் தன் பெயரின் முதல் எழுத்தை அடையாளம் காண்கிறார். ஐந்து வயதில் முழுப் பெயரை எழுதுகிறார். டீச்சர் சொன்னது சரிதான். கோடு ஏறிக்கொண்டே போனது.

பேச்சு என்ற இடத்துக்கு வந்தாள். நான்கு வயது: தன் தேவையைச் சொற்களால் தெரிவிக்கிறார். எடுத்துக்காட்டு, 'தண்ணீர் வேண்டும்.' அடுத்த பக்கத்துக்குப் போனாள். ஐந்து வயது: தன் தேவையைச் சொற்களால் தெரிவிக்கிறார். அதே வரி. அதே தண்ணீர்.

இங்கே மட்டும் கோடு ஏறவில்லை. ஒரு முறை வந்த பேச்சு வந்ததுதான், அது எங்கே போய்விடப்போகிறது என்று எழுதியவர்கள் நினைத்திருக்க வேண்டும். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

உறையைப் பிரித்தாள். ஏழு மஞ்சள் தாள்கள். ஏழிலும் கணவனின் கையெழுத்து. ஸ்டியரிங் மேல் வைத்துப் போட்டது போல நடுங்கியிருந்தது. அவளும் அவனும் டிக்குகளை மட்டும் பார்த்திருந்தார்கள். டிக்குகளுக்குக் கீழே 'அவர் சொன்னது' என்று ஒரு சின்ன இடம். குழந்தை பேசியதில் ஒரு வாக்கியத்தை டீச்சர் அங்கே அப்படியே எழுத வேண்டும். டிக் போட்டதற்குச் சாட்சி.

முதல் தாள், முந்தைய டீச்சரின் சாய்ந்த கையெழுத்து. 'மழை பெய்யும்போது மீனுக்குக் குடை வேண்டாம், ஏன்னா அது ஏற்கெனவே நனைஞ்சுதான் இருக்கு, ஆனா பூனைக்குக் குடை வாங்கணும்.'

அவள் சிரித்துவிட்டாள். அக்காவுக்குப் படித்துக் காட்டினாள். அக்காவுக்குத் தேநீர் புரையேறியது.

இரண்டாவது. 'எங்க அப்பா பஸ்ஸை ஓட்டுறாரு, ஆனா பஸ் போற இடத்துக்குத்தான் அவரு போகணும், பாவம்.'

"அடிப்பாவி, உன் வீட்டுக்காரர்கிட்ட இதைக் காட்டினியா?"

மூன்றாவது. 'அந்தப் பென்சிலை எடுக்காதே, அது இப்பதான் தூங்குச்சு, எழுப்பினா நிறைய அழும்.'

நான்காவது. 'பாருங்க, என் ஷூவுக்குள்ள மணல் இருக்கு, கடலும் இருக்கா?'

ஐந்தாவதில் கையெழுத்து மாறியது. புது டீச்சரின் உருண்டை எழுத்து. 'நான் அந்த அதுல உட்கார மாட்டேன்.'

அக்கா இதற்கும் சிரிக்கத் தயாராக வாயைத் திறந்தவள், சிரிக்க ஒன்றும் இல்லாததால் தேநீரைக் குடித்தாள்.

ஆறாவது. 'எனக்கும் அது வேணும், டீச்சர்.'

ஏழாவது. 'அது போதும்.'

அக்காவை யாரோ கூப்பிட்டார்கள். அவள் எழுந்து போனாள். அவள் போனதும் இவள் தாள்களை மேஜையில் வரிசையாகப் பரப்பினாள். விரல் வைத்துச் சொற்களை எண்ணினாள். பதினான்கு. பதினொன்று. ஒன்பது. ஏழு. ஐந்து. நான்கு. இரண்டு. சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கும் வெற்று எடை அட்டையை எடுத்தாள். முதல் புள்ளியை வைத்தாள். கை பழகிய கை. ஏழு புள்ளிகளும் வைத்து முடிய அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அக்கா தட்டை எடுக்கத் திரும்பி வந்தாள். தோளுக்கு மேலிருந்து அட்டையைப் பார்த்தாள்.

"எந்த மிஷின்டி இது? இன்னுமா நிறுத்தாம ஓட விட்டிருக்கீங்க?"

*

மூன்று மணிக்கு மகளை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சமையலறை ஜன்னல் வழியாக வெயில் மேஜையில் பாதியை மூடியிருந்தது. மகள் பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். ஷூவைக் கழற்றி ஜோடியாக வைத்தாள். கை கழுவினாள். நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். குறை சொல்ல எதுவும் இல்லை.

"பால் வேணுமா, தண்ணி வேணுமா?"

"தண்ணி."

அவள் தம்ளரை எடுத்தாள். எடுத்த கை நின்றது.

"தண்ணி வேணுமா, பால் வேணுமா?"

"பால்."

"ரொட்டி வேணுமா, முட்டை வேணுமா?"

"முட்டை."

"முட்டை வேணுமா, ரொட்டி வேணுமா?"

"ரொட்டி."

ஒவ்வொரு பதிலுக்கும் மகள் தலையை ஆட்டினாள். உறுதியாக. முடிவு எடுத்துவிட்டவள் மாதிரி. அவள் கண் தாயின் கண்ணில் இல்லை, உதட்டில் இருந்தது.

அவள் ஒரு கரண்டியை எடுத்துக் காட்டினாள். "இது என்னடா கண்ணு?"

மகள் கரண்டியைப் பார்த்தாள். பிறகு அவள் வாயைப் பார்த்தாள். வாய் ஒன்றும் தரவில்லை. மகள் சிரித்தாள். வீட்டுக்கு வந்த விருந்தாளி, தனக்குத் தெரியாத பாஷையில் எல்லோரும் பேசும்போது சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு.

"அது" என்றாள்.

"அது பேரு என்ன?"

"என்ன."

"இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?"

"நடந்துச்சு."

தினமும் இதே கேள்வி. தினமும் இதே பதில். நடந்துச்சா, சரி, சாப்பிடு என்று தினமும் அவளும் தட்டை வைத்திருக்கிறாள். அடுப்பைப் பார்த்தபடி, முதுகைக் காட்டியபடி.

மகள் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து அவள் கையைப் பிடித்தாள். குளிர்பெட்டி வரை இழுத்துப் போனாள். அவள் கையைத் தூக்கிக் கைப்பிடியின் மேல் வைத்துவிட்டு, ஒதுங்கி நின்று காத்திருந்தாள். பல நாளாக இப்படித்தான் செய்கிறாள். அம்மாவைச் செல்லம் கொஞ்சுகிறாள் என்று பக்கத்து வீட்டில்கூடச் சொல்லியிருந்தாள்.

அவள் கதவைத் திறந்தாள். உள்ளே விளக்கு எரிந்தது. மகள் பாலைத் தொட்டுக் காட்டினாள். வாய் திறக்கவே இல்லை.

*

வார விடுமுறை நாளில் கணவன் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தான். மேஜையில் காலைச் சாப்பாட்டுத் தட்டுகள் எடுக்காமல் கிடந்தன. மகள் தரையில் உட்கார்ந்து துணிக் கவ்விகளை நிறவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை என்ன சோப்புத் தூளா? எடை போட்டுப் புள்ளி வைக்கறதுக்கு?"

"எண்ணிப் பாருங்க. நான் எண்ணினது தப்பா இருந்தா எனக்கு சந்தோஷம்தான்."

"ஒரு டீச்சர் பெரிசா எழுதுவாங்க, ஒருத்தங்க சுருக்கமா எழுதுவாங்க. அஞ்சாவது தாள்ல ஆளே மாறிட்டாங்களே."

"முதல் நாலும் ஒரே ஆளு எழுதினதுதாங்க. அதுலயே பாதியாயிடுச்சு."

அவன் அட்டையைத் திருப்பிப் பார்த்தான், பின்பக்கம் வேறு ஏதாவது இருக்குமோ என்பது போல. "வளர்ற பிள்ளை. அடக்கம் வந்திருக்கு. இதுக்குப் போய் யாராவது பயப்படுவாங்களா? நல்லா இருக்கற பிள்ளைக்கு நீயே ஒரு நோயை இழுத்து வைக்காத. நான் காட்டறேன் பாரு." மகள் பக்கம் குனிந்தான். "வக்கீலம்மா! இன்னைக்குப் பார்க்குக்குப் போலாமா, கடைக்குப் போலாமா?"

"கடைக்கு."

"பாத்தியா? டக்குன்னு வருது பதில். கோர்ட்டுல நிக்கற மாதிரி."

"மாத்திக் கேளுங்க."

"என்னத்தை மாத்தறது?"

"கடையை முன்னாடி சொல்லுங்க."

அவன் பெருமூச்சு விட்டான். "சரிம்மா. கடைக்குப் போலாமா, பார்க்குக்குப் போலாமா?"

"பார்க்குக்கு."

"மனசு மாறிட்டா. பொம்பளைப் பிள்ளை, மாறத்தானே செய்யும்." சிரித்தான். இன்னும் ஒரு முறை கேட்டான், நிறத்தை வைத்து. இன்னொரு முறை, பழத்தை வைத்து. சிரிப்பு மெல்லக் குறைந்தது. பிறகு ஏதோ பிடிவாதத்தில் விளையாட்டுக் குரலை வரவழைத்துக்கொண்டான். "அப்பாவைத் தோள்ல தூக்கிக்கலாமா, குப்பைத் தொட்டியில போட்டுடலாமா?"

"போட்டுடலாமா" என்றாள் மகள். அதே விளையாட்டுக் குரல். அதே இழுப்பு. முகத்தில் அதே சிரிப்பு. அவன் குரலை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்ததற்காக அவன் உதட்டைப் பார்த்தாள்.

அவன் நிமிர்ந்தான். நாள் முழுதும் பேசுகிற மனிதன். பயணிகளிடம், நடத்துனரிடம், குறுக்கே வந்த மாட்டிடம்கூடப் பேசுகிறவன். மேஜையில் கிடந்த துணியை எடுத்து ஏற்கெனவே துடைத்திருந்த இடத்தைத் துடைத்தான்.

"ஸ்கூல்ல ஒண்ணும் சொல்லலையே" என்றான். "சொல்லியிருப்பாங்களே."

*

டீச்சர் அவர்களை இந்த முறை நாற்காலியில் உட்காரச் சொல்லவில்லை. மணி அடிக்க ஐந்து நிமிடம்தான் இருந்தது. சுவரில் குழந்தைகளின் படங்கள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றின் கீழும் அந்தக் குழந்தை சொன்ன தலைப்பை டீச்சர் எழுதியிருந்தார். என் வீடு. பறக்கும் யானை. அக்காவும் நானும். மகள் வரைந்த படத்தின் கீழே தலைப்பு இல்லை, தேதி மட்டும் இருந்தது.

"எதிர்பார்ப்புக்குக் கீழ இருந்தாதான் டாக்டர்கிட்ட அனுப்பற படிவத்தை நான் போட முடியும்" என்றார் டீச்சர். "உங்க பொண்ணு கீழ இல்லீங்களே. அதான் எனக்கும் குழப்பமா இருக்கு. கேட்டா பதில் சொல்றா. ஒரு வார்த்தைன்னாலும் சொல்றா."

"எப்படிக் கேப்பீங்க டீச்சர்?"

"எப்படின்னா... இது சிவப்பா, பச்சையா..." டீச்சர் நிறுத்தினார்.

அவள் ஏழு தாள்களையும் எடை அட்டையையும் நீட்டினாள். டீச்சர் வாங்கிப் பார்த்தார். முதல் நான்கு வாக்கியங்களை அவர் பார்த்ததே இல்லை என்று அவர் முகத்தில் தெரிந்தது. மீனையும் குடையையும் படித்தபோது அவர் உதடு அசைந்தது. பிறகு தன் உருண்டை எழுத்துக்கு வந்தார். அங்கே உதடு அசையவில்லை.

"இறங்குறதை எங்க டிக் போடுவீங்க டீச்சர்?"

"அப்படி ஒரு கட்டம் இல்லீங்க."

மணி அடித்தது. வராந்தாவில் முப்பது பேர் ஒரே நேரத்தில் ஓடிவரும் சத்தம். அத்தனை சத்தத்திலும் தன் பிள்ளையின் குரலைத் தாயால் பிரித்துக் கேட்க முடியும் என்பார்கள். அவள் கேட்டுப் பார்த்தாள்.

டீச்சர் ஒரு வெள்ளைத்தாளைக் கிழித்து நின்றபடியே எழுதினார். நான்கு வரி. கீழே ஒரு மருத்துவரின் பெயரும் கட்டட எண்ணும். "படிவம் இல்லாட்டியும் பரவாயில்ல. இதைக் குடுங்க. நான் பேசறேன்." தாளைக் கொடுத்த கையை உடனே எடுக்கவில்லை. "சத்தியமா நல்ல பிள்ளைன்னுதாங்க நினைச்சேன்."

*

குழந்தை மருத்துவர் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த பெண். அவசரப்படாதவர். முதலில் ஏழு தாள்களையும் படித்தார். ஒவ்வொன்றையும் படித்துக் கவிழ்த்து வைத்தார். எடை அட்டையை மட்டும் கவிழ்க்கவில்லை.

மகள் பாயில் உட்கார்ந்து கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மருத்துவர் பேசிக்கொண்டே மேஜை ஓரத்திலிருந்த எஃகுத் தட்டைக் கீழே தள்ளிவிட்டார். மகள் துள்ளித் திரும்பினாள்.

"காது கேக்குது" என்றார் மருத்துவர். அதை நல்ல செய்தி மாதிரி அவர் சொல்லவில்லை.

பிறகு கேள்விகள். எங்கேயாவது விழுந்தாளா. இல்லை. பெரிய காய்ச்சல் ஏதாவது. இல்லை. நடையில் மாற்றம் உண்டா. இல்லை. சாப்பாடு? நன்றாகச் சாப்பிடுகிறாள். குடும்பத்தில் யாருக்காவது இப்படி. தெரிந்து யாருக்கும் இல்லை. இல்லை என்று சொல்லச் சொல்லக் கணவனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. இத்தனை இல்லைகளுக்குப் பிறகு வேறு என்ன இருந்துவிடப்போகிறது என்று அவன் முதுகு நாற்காலியில் சாய்ந்தது.

"தூக்கத்துல ஏதாவது பாத்திருக்கீங்களா?"

"ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றான் கணவன். "நல்லாத் தூங்குவா. விடியக்காலைல நான் எழுப்பப் போகும்போது சில நாள் உதடு ஒரு பக்கமா துடிக்கும். வெட்டி வெட்டி இழுக்கும். கனவுல எவன்கிட்டயோ வாதாடறா நம்ம வக்கீல்னு நானே சிரிச்சுப்பேன்."

மருத்துவரின் பேனா நின்றது.

"எத்தனை நாளா?"

"அது... ஒரு வருஷம் இருக்குமா?" மனைவியைப் பார்த்தான்.

அவள் அவனைப் பார்த்தாள். அந்த நேரத்தில் அவள் தொழிற்சாலையில் முதல் ஐந்து பாக்கெட்டுகளைத் தராசில் அடுக்கிக்கொண்டிருப்பாள். விடியக்காலையில் மகளின் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. கன்னத்தில் ஒரு முத்தம் வைத்துவிட்டு இருட்டில் கிளம்பிவிடுவாள்.

மருத்துவர் எழுதினார். முன்பைவிட நீளமாக எழுதினார். தாளின் மூலையில் எதையோ குறித்து அடியில் கோடு போட்டார்.

"பெரிசா ஏதாவது இருக்குமா டாக்டர்?" என்றாள் அவள்.

"நாளைக்கே ஒரு பரிசோதனை எடுக்கணும். தலையில கம்பி ஒட்டி, தூங்கும்போது மூளையில என்ன நடக்குதுன்னு பாப்பாங்க. வலிக்காது."

"அதைக் கேக்கல டாக்டர்."

"தெரியும். எனக்கே தெரியாததை இப்ப உங்ககிட்ட சொல்ல முடியாதும்மா." மருத்துவர் கண்ணாடியைக் கழற்றினார். பாயின் பக்கம் பார்த்தார். மகள் கடைசிக் கட்டையையும் மேலே வைத்துவிட்டு, கோபுரம் ஆடாமல் நிற்கிறதா என்று மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு கேள்விதான் பாக்கி. வீட்டுல உங்களை எப்படிக் கூப்பிடுவா?"

"அம்மான்னுதான்" என்றாள் அவள்.

"என்னை அப்பான்னு" என்றான் அவன், அதே மூச்சில்.

மருத்துவர் இரண்டையும் எழுதிக்கொண்டார். எதிரே இரண்டு தேதிகளுக்கு இடம் விட்டார்.

"கடைசியா எப்பக் கூப்பிட்டா?"